‘உகந்த நிலைமைகளில் படிவிக்கப்பட்டன’

மீக்கடத்து மென்படலங்கள் குறித்த ஆய்வுக்கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒரு தொடரை மனப்பாடமாகவே அறிவார்கள்: “மென்படலங்கள் உகந்த நிலைமைகளில் படிவிக்கப்பட்டன.” இலக்கணத்தில் பழுதில்லாத செயப்பாட்டுவினைத் தொடர். செய்தவர் யார் என்பது அதில் இல்லை. எதற்கு உகந்த நிலைமைகள் என்பது இல்லை. அந்நிலைமைகளைக் கண்டடையும் முன் எத்தனை படலங்கள் குப்பைக்குச் சென்றன என்பதும் இல்லை. இருந்தும் மதிப்பாய்வாளர், பதிப்பாசிரியர், ஆய்வேட்டுத் தேர்வாளர் என ஒவ்வொரு வாயிலையும் அத்தொடர் சோதனையின்றிக் கடந்துவிடுகிறது. அதே கட்டுரையின் ஒரு வரைபடத்தில் பிழைக்கோடுகள் விடுபட்டிருந்தால் உடனே வினா எழும்.

இதை நடைச்சோம்பல் என்று மன்னித்துவிடலாமா? வேறு சில துறைகளில் மன்னிக்கலாம். மென்படலத் துறையில் முடியாது. அங்கே படிவித்தலின் நிலைமைகளை ஆய்வுக்கு முந்தைய ஆயத்தப் பணி என்று ஒதுக்க இடமில்லை. ஆய்வின் முடிவே அவற்றுக்குள்தான் அடங்கியிருக்கிறது. நிலைமைகளை மறைப்பவர் முடிவின் பாதியை மறைக்கிறார். அதைக் கேளாமல் விடும் துறை, தன் மாணவர்களின் ஆண்டுகளை வீணாக்குகிறது.

பிஸ்மத்தை எடுத்துக்கொள்ளலாம். தூய பிஸ்மத் படிகம் சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியாவதை மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று 2016-இல் அறிவித்தது. அதற்காக அக்குழுவினர் இறங்க வேண்டியிருந்த வெப்பநிலை 0.53 மில்லிகெல்வின். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன், 1954-இல், புக்கெல், ஹில்ஷ் என்னும் ஜெர்மன் இயற்பியலாளர் இருவர் அதே பிஸ்மத்தை ஆவியாக்கி, திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட தகட்டின்மேல் படியவிட்டிருந்தார்கள். அந்தப் படலம் ஏறத்தாழ 6 கெல்வினிலேயே மீக்கடத்தியாயிற்று. தனிமம் ஒன்றே, வேதிப் பகுப்பாய்வு இரண்டையும் பிரித்துக் காட்டாது. மாறுநிலை வெப்பநிலையிலோ பத்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. உறைகுளிரான தகட்டில் வந்து விழுந்த அணுக்களுக்கு, நகர்ந்து சென்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ள ஆற்றல் இல்லை. விழுந்த இடத்திலேயே படிக உருவமின்றி உறைந்தன. அந்த ஒழுங்கின்மையில் பிஸ்மத் நல்ல உலோகமாயிற்று, நல்ல மீக்கடத்தியும் ஆயிற்று. அப்படலத்தைச் சில பத்து கெல்வின் வரை சூடேறவிட்டால் அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன, மீக்கடத்தல் போய்விடுகிறது. ஆகவே “பிஸ்மத் எந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாகும்?” என்ற வினாவுக்குத் தகட்டின் வெப்பநிலையைச் சொல்லாமல் விடை சொல்லவே இயலாது.

“ஊர் சிரித்தது” என்றால் சிரித்தவர்கள் ஊரில் உள்ளவர்கள் என்பது தமிழ் படிக்கும் பள்ளி மாணவருக்கும் தெரியும். அதற்கு ஆகுபெயர் என்று பெயர். “நியோபியம் நைட்ரைடு 16 கெல்வினில் மீக்கடத்துகிறது” என்ற தொடரும் அவ்வகையினதே. மீக்கடத்துவது அந்தப் பெயர் அன்று. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு வெற்றிடக் கலத்தில், குறிப்பிட்ட ஒருவரின் கையால் உருவான படலம். பேச்சில் ஆகுபெயரால் கேடில்லை. ஆய்வுக்கட்டுரையில் வேதிவாய்பாட்டை எழுதிவிட்டாலே பொருளைச் சொல்லிவிட்டதாக எண்ணும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த நியோபியம் நைட்ரைடையே பார்க்கலாம். ஸ்பட்டரிங் முறையில் ஆர்கான் அயனிகள் நியோபியத் தட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கின்றன. பெயர்ந்த அணுக்கள் கலத்துக்குள் விடப்பட்ட நைட்ரஜனோடு சேர்ந்து எதிரேயுள்ள தகட்டில் படிகின்றன. டாடா நிறுவனத்தின் மற்றொரு குழு, 600 டிகிரி செல்சியஸில் வைத்த மக்னீசியம் ஆக்சைடு தகட்டின்மேல் இப்படலங்களை வளர்த்தது. 2008-க்கும் 2012-க்கும் இடையில் வெளிவந்த அக்குழுவின் கட்டுரைகளில், நைட்ரஜன்-ஆர்கான் விகிதத்தையும் ஸ்பட்டரிங் திறனையும் மாற்றியே மாறுநிலை வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 300 மில்லிகெல்வினுக்கும் கீழே கொண்டுவரப்பட்டது. ‘கெட்டுப்போன’ படலங்கள் என்று வேறு ஆய்வகங்கள் தூக்கி எறிந்திருக்கக் கூடியவை அங்கே ஒரு வரிசையாயின. ஒழுங்கின்மை மிகும்போது மீக்கடத்தல் எவ்வாறு சிதைகிறது, அது மறைந்த வெப்பநிலைக்கு மேலும் ஆற்றல் இடைவெளியின் சாயல் எவ்வாறு எஞ்சி நிற்கிறது என்பதெல்லாம் அந்த வரிசையிலிருந்து படிக்கப்பட்டவை. படிவித்தலின் நிலைமைகளையே ஆய்வின் அச்சாக வைத்ததால் கிடைத்த அறிவு அது. ‘உகந்த’ படலம் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு மற்றவற்றைக் குறிப்பேட்டில் புதைத்திருந்தால் அந்த இயற்பியலே கிடைத்திருக்காது.

டான்டலத்தில் இது இன்னும் வெளிப்படை. சூடேற்றாத தகட்டில் படிவித்தால் பெரும்பாலும் பீட்டா வகைப் படிகம் உருவாகும். அதன் மாறுநிலை வெப்பநிலை 1 கெல்வினுக்கும் கீழே. தகட்டைச் சூடேற்றினாலோ, நியோபியத்தின் மெல்லிய விதைப்படலம் ஒன்றை முதலில் இட்டாலோ ஆல்ஃபா வகை உருவாகும். அது 4 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தும். 2021-இல் 0.3 மில்லிநொடிக்கு மேல் தம் நிலையைக் காத்து நின்ற குவாண்டம் பிட்டுகளைப் பற்றிய செய்தி பரவியபோது, “டான்டலம்” என்ற சொல்லே எங்கும் ஒலித்தது. நீலக்கல் தகட்டின்மேல் வளர்ந்த ஆல்ஃபா டான்டலம் என்பது அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டது. பெயரை மட்டும் கேட்டுச் சூடேற்றாத தகட்டில் படிவிப்பவருக்குக் கிடைக்கப்போவது வேறொரு பொருள்.

இங்கே தமிழின் வினையமைப்பு ஒன்றைக் கருதலாம். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு படலத்தை ஆக்கும் முறையை ஒரே வாக்கியத்தில் சொல்வதானால் இப்படி வரும்: தகட்டை 750 டிகிரி செல்சியஸையொட்டிச் சூடேற்றி, குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜனை விட்டு, லேசர் துடிப்புகளால் இலக்கைத் தாக்கி, படலத்தை வளர்த்து, கலத்தை ஆக்சிஜனால் நிரப்பி, மெதுவாகக் குளிர்விக்கிறார்கள். ஒரே ஒரு முற்றுவினை; மற்றவை யாவும் எச்சங்கள். ஒவ்வோர் எச்சமும் அடுத்ததற்கு நிபந்தனை. வளரும் வெப்பநிலையில் அப்படலம் ஆக்சிஜன் குறைந்த நாற்கோணப் படிகமாக இருக்கிறது; அந்நிலையில் அது மீக்கடத்தி ஆகாது. குளிரும்போது உள்ளே புகும் ஆக்சிஜன்தான் அதை 90 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தும் பொருளாக மாற்றுகிறது. வெற்றிடத்திலேயே குளிர்வித்தால் மிஞ்சுவது மின்காப்பி. ஆக்சிஜன் பாதிவழியில் நின்றால் 60 கெல்வினையொட்டிய வேறொரு மீக்கடத்தி. தகட்டின் வெப்பநிலை போதிய அளவு உயராவிட்டால் படிகங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டிய திசை மாறிப் பக்கவாட்டில் சாய்ந்து வளர்கின்றன. பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் உள்ளிட்டோர் 1987-இல் லேசர் முறையில் இப்படலங்களை முதலில் ஆக்கியபோது, படிவித்த பின் ஆக்சிஜனில் தனியே சூடேற்றிப் பதப்படுத்த வேண்டியிருந்தது. பின்னர் கலத்துக்குள்ளேயே முழுப் பணியும் முடியும் நிலை வந்தது. அதற்குத் துணைநின்றவற்றுள் ஒன்று, போர்மன், நோல்டிங் இருவரும் 1989-இல் வெளியிட்ட எல்லைக்கோடு: எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் இருந்தால் இச்சேர்மம் சிதையாமல் நிற்கும் என்பதை அது காட்டியது. நிலைமைகளை வெளியில் வைத்ததால் ஒரு துறை முழுவதுக்கும் கிடைத்த வரைபடம். இன்றைய கட்டுரைகளில் பெரும்பாலானவை முற்றுவினையை மட்டும் அச்சேற்றுகின்றன. எச்சங்கள் ஆய்வகத்தின் அலமாரியில் தங்கிவிடுகின்றன.

‘உகந்த’ என்ற பெயரடை செய்யும் தீங்கு இதனினும் நுட்பமானது. உகந்தது என்றால் எதற்கு என்ற நான்காம் வேற்றுமையை அச்சொல் வேண்டி நிற்கிறது. அதை விட்டுவிட்டால், உயர்ந்த மாறுநிலை வெப்பநிலைக்கு உகந்தது என்பதே சொல்லாமல் கொள்ளப்படும் பொருள். அந்தப் பொருள் பல வேளைகளில் தவறு. ஒற்றை ஃபோட்டான்களைக் கண்டறியும் கருவிக்கு, படிக உருவமற்ற டங்ஸ்டன் சிலிசைடு படலம் நியோபியம் நைட்ரைடைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே மீக்கடத்தும். ஆயினும் 2013-இல் 93 விழுக்காடு கண்டறிதிறனைக் காட்டியது அதுவே. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் பிழையற்ற ஒற்றைப் படிகத்தைவிடக் குறைகள் நிறைந்த மென்படலமே 77 கெல்வினில் பன்மடங்கு மின்னோட்டத்தைத் தாங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் என்பது நல்ல படலத்துக்கு இயல்பான அளவு. அக்குறைகள்தான் காந்தச் சுழல்களை நகரவிடாமல் பிடித்து வைக்கின்றன. 2004-இல் பேரியம் சிர்கோனேட்டு நுண்துகள்களை வேண்டுமென்றே கலந்து அந்தத் திறனை மேலும் கூட்டிக் காட்டினார்கள். அதேவேளை எல்லாக் குறையும் நல்லதன்று: படிக மணிகள் ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருக்கின்றனவோ அதற்கேற்ப அவற்றின் எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் வீழ்வதை, பிரவீண் சௌதரி இடம்பெற்ற ஐபிஎம் குழு 1988-லேயே அளந்து காட்டியது. எந்தக் குறை வேண்டும், எந்தக் குறை வேண்டாம் என்பதைத் தீர்மானிப்பவை படிவித்தலின் நிலைமைகள். அவற்றையெல்லாம் ‘உகந்த’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்து மூடுவது விளக்கம் ஆகாது.

நிலைமைகளைத் தருவதாகச் சொல்லும் கட்டுரைகளும் பெரும்பாலும் கருவியின் எண்களையே தருகின்றன. படலம் உணர்ந்த எண்களை அல்ல. நிமிடத்துக்கு இத்தனை கன சென்டிமீட்டர் நைட்ரஜன் என்பது குழாயில் நுழையும் வாயுவின் அளவு. கலத்துக்குள் நிலவும் பகுதி அழுத்தம் எவ்வளவு என்பது பம்பு எவ்வளவு விரைவாக இழுக்கிறது என்பதையும் பொறுத்தது. வெப்பமின் இரட்டை காட்டும் எண்ணுக்கும் படலம் வளரும் மேற்பரப்பின் வெப்பநிலைக்கும் பல பத்து டிகிரி வேறுபடலாம். தகடு வெள்ளிப் பசையால் ஒட்டப்பட்டதா, கவ்வியால் பிடிக்கப்பட்டதா என்பது கூட அதை மாற்றும். இலக்குக்கும் தகட்டுக்கும் இடையிலான தொலைவு, இலக்கு எத்தனை மணிநேரம் பயன்பட்டுத் தேய்ந்தது, படிவிக்கும் முன் கலத்தில் எஞ்சியிருந்த அழுத்தம் எவ்வளவு என்பவை எத்தனை கட்டுரைகளில் உள்ளன? மழைக்காலத்தில் திறந்து மூடிய கலத்தின் சுவர்களில் ஒட்டும் நீராவி போவதற்கு நாளாகும். நியோபியத்தில் ஒரு விழுக்காடு ஆக்சிஜன் அணுக்கள் கரைந்தாலே மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 0.9 கெல்வின் குறையும். மொத்தமே 9.2 கெல்வின் உள்ள உலோகத்துக்கு அது சிறிய இழப்பன்று.

இவற்றினும் வேடிக்கையானது நைட்ரஜன் ஓட்டத்தின் நினைவாற்றல். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டினால் ஒரு கட்டத்தில் நியோபியத் தட்டின் மேற்பரப்பே நைட்ரைடாக மாறி, பெயர்ந்து வரும் அணுக்கள் குறைந்துவிடும். அங்கிருந்து ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால், மாறிய புள்ளியிலேயே தட்டு பழைய நிலைக்குத் திரும்பாது; இன்னும் கீழே வந்த பின்னரே திரும்பும். ஆக, ஒரே ஓட்ட எண்ணில் இரு வேறு படலங்கள் இயலும். எண்ணை மட்டும் எழுதி, ஏறி வந்தார்களா இறங்கி வந்தார்களா என்பதை எழுதாத கட்டுரை, பாதி முகவரியைக் கொடுத்து வீட்டுக்கு வரச் சொல்கிறது.

இதற்கு விலை உண்டு என்பதை நிக்கலேட்டு காட்டியது. 2019 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு, ஸ்ட்ரான்சியம் கலந்த நியோடிமியம் நிக்கலேட்டுப் படலம் 9 முதல் 15 கெல்வினுக்குள் மீக்கடத்துவதாக அறிவித்தது. முப்பதாண்டுக் காலத் தேடலின் விடை என்று உலகம் பரபரத்தது. அதே சேர்மத்தைப் பருப்பொருளாக ஆக்கிப் பார்த்த வேறொரு குழு, மீக்கடத்தல் காணப்படவில்லை என்று 2020-இல் எழுதியது. ஐயம் தலைதூக்கிய அந்த ஆண்டிலேயே ஸ்டான்ஃபோர்டு குழு படலம் ஆக்கும் முறையை மட்டும் பேசும் தனிக்கட்டுரை ஒன்றை வெளியிட்டது: முதலில் வளரும் பெராவ்ஸ்கைட்டுப் படலத்தில் வேற்றுப் படிக வகை எவ்வாறு நுழைந்துவிடுகிறது, ஆக்சிஜனை வேதிமுறையில் உருவியெடுக்கும் கட்டம் எங்கே பிசகும், மேலே ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டு மூடுபடலம் எதற்கு, ஏறத்தாழ 10 நானோமீட்டருக்கு மேல் ஏன் தடிமனாக்க முடியவில்லை என்பதெல்லாம் அதில் வெளிப்படையாக இருந்தன. அவ்வாண்டே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் மீக்கடத்தும் நிக்கலேட்டுப் படலங்களை ஆக்கிக் காட்டினர். அந்தத் தனிக்கட்டுரையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தலைப்புச் செய்தியான கட்டுரைக்கும் செய்முறைக் கட்டுரைக்கும் இதழ் வரிசையில் உள்ள தொலைவு எதைக் காட்டுகிறது? கண்டுபிடிப்புக்கு ஓர் அரங்கு, அதை எப்படிச் செய்வது என்பதற்குப் பின்கட்டு.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. பக்க வரம்பு என்பார்கள். வரம்பற்ற பின்னிணைப்பு இணையத்தில் கிடைக்கும் காலத்தில் அது வாதமே அன்று. தொழில்மறை என்பார்கள், மறை காக்க விரும்புபவர் காப்புரிமை அலுவலகத்துக்குப் போகலாம், பொதுப்பணத்தில் ஆய்ந்துவிட்டு இதழில் அரைகுறையாக அறிவிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் வலியது, நேர்மையானதும் கூட. கைப்பக்குவம் எழுத்தில் வராது என்கிறார்கள். உண்மைதான். பிளாஸ்மாவின் நிறத்தைப் பார்த்தே இன்றைக்குப் படலம் சரியாக வராது என்று சொல்லும் மூத்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணை அட்டவணையாக்க முடியாது. ஆனால் கட்டுரைகளில் விடுபடுபவை அந்தக் கண் சார்ந்தவை அல்லவே. அழுத்தம், தொலைவு, நேரம், குளிர்ந்த வேகம், இலக்கின் வயது ஆகிய அனைத்தும் ஏற்கெனவே குறிப்பேட்டில் எண்களாக இருப்பவை. உப்பின் அளவையும் எழுதாமல் விட்டுவிட்டுக் கைப்பக்குவம் என்று சொன்னால் எந்தச் சமையற்கட்டும் ஒப்புக்கொள்ளாது. மேலும், எண்கள் வெளியில் வந்தால்தான் எஞ்சியிருக்கும் கைப்பக்குவம் எவ்வளவு என்பதே தெரியவரும்.

சிலர் இதையெல்லாம் சிறு விவரங்கள் என்று கடந்து செல்வார்கள். அவர்கள் கவனிக்க மறுப்பது, அச்சிறு விவரங்களை யார் சுமக்கிறார்கள் என்பதை. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் சேரும் இளம் ஆய்வாளர், முதல் ஈராண்டுகளை ஒரு தொடரின் பொருளைக் கண்டுபிடிப்பதில் செலவிடுகிறார். அதே தொடரின் பொருளைப் பக்கத்து நகரத்தில் இன்னொருவரும் தேடிக்கொண்டிருக்கிறார். இருவரும் கண்டடைந்ததும் இருவரும் அதையே எழுதுகிறார்கள்: உகந்த நிலைமைகளில் படிவிக்கப்பட்டன. செயப்பாட்டுவினையின் மறைவில் காணாமற்போவது படலத்தை வளர்த்தவரின் உழைப்பு. அளந்தவருக்கு முதற்பெயர், வளர்த்தவருக்கு நடுவில் ஓரிடம் அல்லது நன்றியுரையில் ஒரு வரி என்ற வழக்கமும் இந்த மறைவில்தான் தழைக்கிறது.

இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கணினிக்குப் பெங்களூர், தொடர்பியலுக்குச் சென்னை, உணரிகளுக்கு மும்பை, பொருள்களுக்கும் கருவிகளுக்கும் தில்லி என மையங்களும் பிரிக்கப்பட்டன. மீக்கடத்து குவாண்டம் பிட்டும் ஃபோட்டான் உணரியும் மென்படலத்தில் தொடங்குபவை. நான்கு மையங்களைச் சூழ்ந்துள்ள ஆய்வகங்கள் ஒன்றன் குறிப்பேட்டை ஒன்று பார்க்க முடியாத நிலையில், அப்பணத்தில் ஒரு பகுதி ஒரே படலத்தைப் பலமுறை கண்டுபிடிக்கவே செலவாகும்.

இதழ்களைத் திருத்தக் காத்திருக்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பக்க வரம்பு கிடையாது. ஷோத்கங்கா தளத்தில் எவரும் அதை இறக்கிப் படிக்கலாம். வளர்க்கப்பட்ட அத்தனை படலங்களின் அட்டவணையும், மீக்கடத்தாதவை உட்பட, தேதியுடனும் வளர்த்தவரின் பெயருடனும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வர வேண்டும் என்று ஒரு துறைக்குழு தீர்மானித்தால் அடுத்த பருவத்திலேயே நடைமுறைக்கு வந்துவிடும். அதுவும் நேராத இடங்களில் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் கோட்பாட்டைப் பற்றி நாற்பது நிமிடம் வினவுபவர்கள், மூன்றாம் இயலில் அந்தத் தொடரைக் கண்ட இடத்தில் நிறுத்தி, இதற்கு முன் வந்த படலங்களின் பட்டியல் எங்கே என்று கேட்கட்டும். பட்டியல் இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு இன்றும் உண்டு.